ஆண்ட்ராய்டு போன்: வரவு என்ன, செலவு என்ன?

(பொது நூலகம் ஒன்றில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருக்கிறவங்களுக்கும், இதை அப்புறமா நம்ம மின்னிதழில் படிக்கப் போகிறவங்களுக்கும் முதலில் ஒரு சின்ன வேலை. உங்க ஆண்ட்ராய்டு போனைக் கையில் எடுங்க. செட்டிங்ஸ் திறங்க. போன் தமிழில் இருந்தால் ‘அமைப்புகள்’ என்று இருக்கும். கடைசி வரை கீழே தள்ளினால், போனைப் பற்றிய விவரம் இருக்கும் பகுதி வரும். அதற்குள் ஆண்ட்ராய்டு பதிப்பு எண் இருக்கும். அதைத் தொட்டால், பாதுகாப்புப் புதுப்பிப்பு கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்று ஒரு வரி தெரியும். சில கம்பெனி போன்களில் இடம் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸ் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் ‘செக்யூரிட்டி’ என்று தட்டினாலும் கிடைத்துவிடும்.

அந்தத் தேதியை மனசில் வெச்சுக்கோங்க. எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

சித்தப்பா கேட்ட கேள்வி

என் சித்தப்பா முசிறி பக்கத்தில் வாழை போட்டிருக்கிறார். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. அனுப்பியவர் தெரிந்தவர், பக்கத்து ஊர்க்காரர். கோப்பின் மேலே ஓர் உதவித்தொகைத் திட்டத்தின் பெயர், பக்கத்தில் அரசு முத்திரை மாதிரி ஒரு படம். ‘இதில் பதிவு செய்தால்தான் அடுத்த தவணை வரும்’ என்று ஒரு வரி.

சித்தப்பா தொட்டார். ‘தெரியாத இடத்திலிருந்து வந்த செயலி’ என்று போன் எச்சரித்தது. அனுமதி கொடுத்தார். குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்று செயலி கேட்டது. அதற்கும் அனுமதி கொடுத்தார். பதிவுக் கட்டணம் ஒரு ரூபாய் என்று சொல்லி ஏடிஎம் கார்டு விவரங்களைக் கேட்டது. ஒரு ரூபாய்தானே என்று அதையும் போட்டார். போனை சார்ஜில் போட்டுவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார்.

பணம் போன செய்தியை முதலில் பார்த்தது சித்திதான். இரண்டு தடவையாக 23,500 ரூபாய். சித்தி பதறிப்போய் எனக்குக் கூப்பிட்டாங்க. வீட்டில் இருந்த இன்னொரு போனிலிருந்து உடனே 1930-க்கு அழைக்கச் சொன்னேன். வங்கிக்கும் சொல்லி கார்டை முடக்கினோம். இரண்டாவதாகப் போன 9,000 ரூபாய் நடுவழியில் நிறுத்தப்பட்டு, ரொம்ப நாள் கழித்துத் திரும்ப வந்தது. முதலில் போன 14,500 வரவே இல்லை. கோப்பை அனுப்பியதாகத் தெரிந்த பக்கத்து ஊர்க்காரர் எதையும் அனுப்பவில்லை. அவர் போனும் முன்பே அதே வலையில் விழுந்து, அவர் பெயரில் எல்லாருக்கும் கோப்பை அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறது.

அன்றைக்கு சாயங்காலமே சித்தப்பா அந்த ஆண்ட்ராய்டு போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பட்டன் போன் ஒன்று வாங்கிக்கொண்டார். ஆறு மாசம் கழித்து நான் ஊருக்குப் போனபோது கேட்டார்: “பாப்பா, நீ இதப்பத்தியெல்லாம் எழுதுற. எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. அந்த போன் நமக்கு வேணுமா, வேண்டாமா?”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்த ஆறு மாசத்தில் அவர் இழந்ததும் எனக்குத் தெரியும். முன்பெல்லாம் உழவன் செயலியில் மழை நிலவரமும் சந்தை விலையும் பார்ப்பார். பட்டா, சிட்டா பார்க்க ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தை அவரே திறப்பார். மின் கட்டணத்தை வீட்டிலிருந்தே கட்டுவார். வாழை இலையில் புள்ளி விழுந்தால் படம் எடுத்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்புவார். கோயம்புத்தூரில் இருக்கும் பேத்தி முகத்தைத் தினமும் பார்ப்பார். அந்த ஒரு கோப்பால் இத்தனையும் நின்றுபோனது.

அதனால் சித்தப்பாவுக்காக ஒரு கணக்குப் போட்டேன். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். அதைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன்.

யாருடைய போன் இது?

ஆண்ட்ராய்டு 2003-ல் அமெரிக்காவில் ஒரு சின்ன நிறுவனமாகத் தொடங்கியது. 2005-ல் கூகுள் அதை வாங்கியது. 2007 நவம்பரில் பல போன் கம்பெனிகளும் சிப் கம்பெனிகளும் சேர்ந்த ஒரு கூட்டமைப்போடு அதை அறிவித்தார்கள். 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் கடைக்கு வந்தது. எச்டிசி நிறுவனம் தயாரித்தது அது.

இதில் முக்கியமான விஷயம், ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் திறந்த மூலம். எந்தக் கம்பெனியும் அதை எடுத்து, தனக்கு வேண்டியபடி மாற்றி, தன் போனில் போட்டு விற்கலாம். ஐபோனில் அப்படிக் கிடையாது. கருவி, இயங்குதளம், செயலிக் கடை மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும்.

ஆண்ட்ராய்டின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. எந்தக் கதவு நமக்கு வசதியாகத் திறந்திருக்கிறதோ, அதே கதவு வழியாகத்தான் தொல்லையும் உள்ளே வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விலை குறைவு, ஆயுள்?

முதல் வரவு விலை. பத்தாயிரம் ரூபாயை ஒட்டியே அரசு சேவைகளுக்கும் யுபிஐ-க்கும் போதுமான போன் கிடைக்கிறது. புதிய ஐபோனுக்குப் பல பத்தாயிரங்கள் வேண்டும். இந்தியாவில் பத்து ஸ்மார்ட்போனில் ஒன்பதுக்கு மேல் ஆண்ட்ராய்டாக இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம். கீழே விழுந்து திரை உடைந்தாலும், சார்ஜ் பின் போனாலும், பக்கத்து டவுனிலேயே சரி பண்ணிக்கொள்ளலாம். உதிரி பாகம் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெரு வரை ஒரு சங்கிலியே இருக்கிறது.

இப்போ இதன் செலவு. நீங்கள் மனசில் வைத்திருக்கும் தேதிக்கு வருவோம்.

எந்த மென்பொருளிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். 2015 ஆகஸ்டிலிருந்து கூகுள் இந்த ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை மாதந்தோறும் வெளியிடத் தொடங்கியது. ஆனால் கூகுள் வெளியிட்டவுடனே அது உங்கள் போனுக்கு வந்துவிடாது. உங்கள் போனைச் செய்த கம்பெனி அதை வாங்கி, தன் போனுக்கு ஏற்ப மாற்றி, சோதித்து அனுப்ப வேண்டும். விலை உயர்ந்த போன்களுக்கு அந்த வேலை ஒழுங்காக நடக்கிறது. கூகுள் தன் பிக்சல் 8 போனுக்கு 2023-லும், சாம்சங் தன் கேலக்ஸி எஸ் 24 வரிசைக்கு 2024-லும் ஏழு வருஷத்துக்குப் புதுப்பிப்பு தருவதாகச் சொன்னார்கள். மலிவான போன்கள் பலவற்றுக்கு இதைவிடக் குறைந்த வருஷங்கள்தான் வாக்குறுதி.

புதுப்பிப்பு நின்ற பிறகும் போன் நன்றாகத்தான் ஓடும். படம் எடுக்கும், பாட்டுப் பாடும். அதனால் நமக்குத் தெரியாது. ஆனால் அதற்கு அப்புறம் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளில் பெரும்பாலானவை அப்படியே திறந்து கிடக்கும். கொஞ்ச நாள் போனால் வங்கிச் செயலி ‘இந்த போனில் இயங்காது’ என்று சொல்லும். வாட்ஸ்அப்கூட 2025 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு கிட்காட் பதிப்பு போன்களைக் கைவிட்டது.

உங்க தேதி சில மாதங்களுக்குள் இருந்தால் கவலை இல்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் பழசாக இருந்தால், முதலில் புதுப்பிப்பு எதுவும் காத்திருக்கிறதா என்று பாருங்க. டேட்டா செலவாகும் என்று பயந்து பலர் அதைத் தள்ளிப்போட்டே வைத்திருப்பார்கள். ஒன்றுமே இல்லை என்றால், அந்த போனில் இனி பணம் சம்பந்தமான வேலை வேண்டாம். பிள்ளைகள் பாடம் பார்க்க, படம் பார்க்க இருக்கட்டும்.

புது போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறோம். கூடவே கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்க: “பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த வருஷம் வரைக்கும் வரும்?” இதில் ஒரு நுணுக்கம். அந்த வருஷக் கணக்கு பொதுவாக அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. நாலு வருஷ வாக்குறுதி உள்ள மாடலை மூன்றாவது வருஷம் தள்ளுபடியில் வாங்கினால், கையில் மிஞ்சுவது ஒன்றிரண்டு வருஷம்தான். தள்ளுபடி ஏன் கிடைத்தது என்பதும் அப்போது புரிந்துவிடும்.

எங்கிருந்தும் செயலி போடலாம்

அடுத்தது, சித்தப்பாவைக் கவிழ்த்த கதவு.

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் தவிர வேறு இடத்திலிருந்தும் செயலி போடலாம். அந்தக் கோப்பின் பெயர் ஏபிகே என்று முடியும். இந்தச் சுதந்திரத்தால் நன்மை உண்டு. ஒரு கல்லூரி மாணவர் தான் எழுதிய செயலியை யாருடைய அனுமதியும் கேட்காமல் நண்பர் போனில் போட்டுச் சோதிக்கலாம். திறந்த மூலச் செயலிகளுக்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன.

மோசடிக்காரர்களுக்கும் இதே கதவுதான். போக்குவரத்து அபராதம், மின் இணைப்பு துண்டிப்பு, கல்யாணப் பத்திரிகை, உதவித்தொகை என்று ஏதாவது ஒரு பெயரில் ஏபிகே வரும். அது கேட்பதில் முக்கியமானது குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி. அதைக் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி உங்களுக்கு வரும் அதே நொடியில் அவர்களுக்கும் போய்விடும். ‘நான் யாருக்கும் ஓடிபி சொல்லவே இல்லையே’ என்று சித்தப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான், அவர் வாயால் சொல்லவில்லை. அந்தச் செயலி எடுத்துக் கொடுத்தது.

2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-லிருந்து இந்தக் கதவுக்குத் தனித்தனிப் பூட்டு உண்டு. வாட்ஸ்அப், குரோம், கோப்பு மேலாளர் என்று எந்தச் செயலி வழியாக வெளிச் செயலி வரலாம் என்று நாமே முடிவு செய்யலாம். செட்டிங்ஸ் தேடலில் ‘அன்நோன் ஆப்ஸ்’ என்று தட்டினால் பட்டியல் வரும். அதில் எல்லாவற்றையும் மூடி வையுங்க. வாட்ஸ்அப் கட்டாயம்.

ஒரு விதியை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்க. அரசுத் திட்டத்தில் சேர வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு வழி கிடையாது. சந்தேகம் வந்தால் பக்கத்து இ-சேவை மையத்தில் கேளுங்க. இணையதளம் என்றால் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்க.

பிளே ஸ்டோரில் இருப்பதெல்லாம் நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம். உடனடிக் கடன் செயலிகள் நம் தொடர்பு எண்களை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு மானத்தை வாங்கிய கதை பலருக்கும் தெரியும். அதனால்தான் 2023 மே மாதக் கடைசியிலிருந்து, தனிநபர் கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக்கூடாது என்று கூகுள் விதி கொண்டுவந்தது. செயலியின் பெயருக்குக் கீழே, அதை வெளியிட்டது யார் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அரசு சேவைச் செயலி என்றால் துறையின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்க.

பார்வையற்றோருக்குத் துணை, திருடனுக்கும் துணை

மூன்றாவது விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆண்ட்ராய்டில் ‘டாக்பேக்’ என்று ஒரு திரைவாசிப்பான் இருக்கிறது. கண் தெரியாதவர் விரல் வைக்கும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாய்விட்டுப் படிக்கும். தமிழிலும் படிக்கும். தட்டச்சு தெரியாதவர்கள் தமிழில் பேசினாலே எழுத்தாக மாறும் வசதியை கூகுள் 2017-ல் கொண்டுவந்தது. எழுதப் படிக்கக் கூச்சப்படும் எங்க சித்தி, பேத்திக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்புவது இப்படித்தான். விலை குறைந்த போனிலும் இவை கூடுதல் காசு இல்லாமல் கிடைப்பதை ஆண்ட்ராய்டின் பெரிய வரவாக நான் எழுதிக்கொண்டேன்.

திரைவாசிப்பான் எப்படி வேலை செய்கிறது? திரையில் இருப்பதைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் அதற்கு அனுமதி வேண்டும். ‘அக்சஸிபிலிட்டி’ என்ற பெயரில் அந்த அனுமதி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காகச் செய்த இதே அனுமதியைத்தான் மோசடிச் செயலிகள் கேட்டு வாங்குகின்றன. கொடுத்துவிட்டால் நீங்கள் திரையில் பார்ப்பதை எல்லாம் அதுவும் பார்க்கும், உங்களுக்குப் பதிலாக அதுவே ‘சரி’ என்று அழுத்தும்.

2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13, வெளியிலிருந்து போட்ட செயலிகள் இந்த அனுமதியைச் சுலபமாக வாங்க முடியாதபடி ஒரு தடை வைத்தது. ஆனாலும் ஒரு தடவை செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பக்கத்தைத் திறந்து, எந்தெந்தச் செயலிக்கு அது கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்க. நீங்களே தெரிந்து வைத்த உதவிக் கருவி தவிர வேறு எது இருந்தாலும் அணைத்துவிடுங்க.

மற்ற அனுமதிகளும் அப்படியே. டார்ச் லைட் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு? ஆண்ட்ராய்டு 6-லிருந்து ஒவ்வொரு அனுமதியையும் தனித்தனியாகக் கொடுக்கவும் திரும்ப வாங்கவும் முடியும். ஆண்ட்ராய்டு 11-லிருந்து ‘இந்த முறை மட்டும்’ என்றும் கொடுக்கலாம். ஆண்ட்ராய்டு 12-லிருந்து கேமராவையோ மைக்கையோ ஏதாவது செயலி பயன்படுத்தினால் திரையின் மேல் மூலையில் பச்சைக் குறி தெரியும். நீங்கள் எதுவும் செய்யாதபோது அந்தப் பச்சை எரிந்தால், எந்தச் செயலி என்று பாருங்க.

கேட்காமல் வந்த விருந்தாளிகள்

புது போனைத் திறந்தவுடனே நாம் போடாத பத்துப் பதினைந்து செயலிகள் உட்கார்ந்திருக்கும். சில போன்களில் பூட்டுத் திரையிலேயே விளம்பரம் வரும். விலையைக் குறைத்த கம்பெனிகள் சில, பணத்தை இந்த வழியில் தேற்றிக்கொள்கின்றன. அழிக்க முடியாதவற்றில் பலவற்றை ‘டிசேபிள்’ செய்து முடக்கி வைக்கலாம். இடமும் பேட்டரியும் மிச்சமாகும்.

கூகுளின் சொந்தச் செயலிகள் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் முன்கூட்டியே இருப்பதும் ஒரு வழக்கானது. சந்தையில் தனக்கிருக்கும் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

இதையொட்டி இன்னொன்று. போனில் இருக்கும் படங்கள், எண்கள், இருப்பிடம் எல்லாம் ஒரே ஒரு கூகுள் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். போன் தொலைந்தால் புது போனில் கணக்கைத் திறந்தவுடனே எண்கள் எல்லாம் திரும்ப வரும். அது வரவு. அந்தக் கணக்கின் கடவுச்சொல் வேறொருவர் கைக்குப் போனால் எல்லாமே போகும். அது செலவு. கடைக்காரர் திறந்து கொடுத்த கணக்கு, அவர் போட்ட கடவுச்சொல், அதையே நாலு வருஷமாக வைத்திருப்பவர்கள் இங்கேயும் இருப்பீங்க. இன்றைக்கே மாற்றிவிடுங்க.

தொலைந்தால் என்ன செய்வது?

போனைப் போட்டுவிட்டு அழுகிற நேரத்தில் எதுவும் தேட முடியாது. அதனால் முன்பே மூன்று வேலை செய்து வையுங்க.

முதலில், *#06# என்று டயல் செய்தால் உங்க போனின் ஐஎம்இஐ எண் வரும். அதை ரேஷன் கார்டு வைக்கும் பையில் எழுதி வையுங்க. போன் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் இந்த எண்ணைக் கொடுத்து முடக்கலாம். 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது. முடக்கிய போன் எந்த சிம் போட்டாலும் இந்திய நெட்வொர்க்கில் வேலை செய்யாது.

இரண்டாவது, சிம் கார்டுக்கு ஒரு பின் எண். போனுக்குப் பூட்டு போட்டிருப்போம். ஆனால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வந்துவிடுமே! சிம் பின் போட்டிருந்தால் வராது. ஒரு எச்சரிக்கை: பின் எண்ணை மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு பியூகே எண் கேட்கும். அதனால் உங்க நெட்வொர்க் கம்பெனியிடம் இப்போதைய பின் எண்ணைக் கேட்டுக்கொண்டு மாற்றுங்க.

மூன்றாவது, ஆண்ட்ராய்டு 10-க்கு மேல் உள்ள போன்களில் 2024-லிருந்து திருட்டுப் பாதுகாப்பு வசதி வந்திருக்கிறது. யாராவது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினால், அந்த அசைவை உணர்ந்து திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். செட்டிங்ஸில் கூகுள் பகுதியில் அதை இயக்கி வைக்க வேண்டும்.

பணம் போய்விட்டால் 1930. எந்த நேரத்திலும் அழைக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் தள்ளிப்போடாதீங்க. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் பிடித்தால்தான் உண்டு. சித்தப்பாவுக்கு 9,000 திரும்பக் கிடைத்தது சித்தி உடனே கூப்பிட்டதால்தான். வங்கிக்கும் அதே நேரத்தில் தெரிவிக்கணும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, நம் கவனக்குறைவால் போன பணமாகவே இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேரும்.

சரி, வேணுமா, வேண்டாமா?

கணக்கை முடித்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனேன். முதலில் பீரோவில் இருந்த பழைய போனை எடுத்துத் தேதியைப் பார்த்தோம். கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020-ல் வந்திருந்தது. “இது வேண்டாம் சித்தப்பா” என்றேன். அந்த ஏபிகே கிடந்த போன் வேறு. எல்லாவற்றையும் அழித்து, பழைய மின்சாதனங்களை வாங்கும் இடத்தில் கொடுக்கச் சொன்னேன்.

ஸ்மார்ட்போனே வேண்டாம் என்று அவர் முடிவு செய்தாலும் தப்பில்லை என்பதையும் சொன்னேன். பட்டன் போனிலேயே *99# போட்டுப் பணம் அனுப்பலாம். 2022 மார்ச்சில் தொடங்கிய யுபிஐ 123பே வழியாகவும் அனுப்பலாம். சான்றிதழுக்கு இ-சேவை மையம் இருக்கிறது. போன் இல்லாததால் யாரும் அரசு சேவையைக் கேட்கத் தகுதி இழந்துவிடுவதில்லை. இதை வாசகர்களுக்கும் அழுத்தமாகச் சொல்கிறேன். வீட்டில் வயசானவங்க ‘எனக்கு வேண்டாம்’ என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “பேத்திய பாக்கணுமே பாப்பா” என்றார்.

புது போன் வாங்கினோம். புதுப்பிப்பு எந்த வருஷம் வரை என்று கேட்டே வாங்கினோம். அன்றைக்கு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, நான் இவ்வளவு நேரம் உங்களிடம் சொன்னதை எல்லாம் அவர் விரலாலேயே செய்ய வைத்தேன். நான் செய்து கொடுத்தால் நாளைக்கு அவருக்குத் தெரியாதே. முக்கால் மணி நேரம் ஆனது.

கடைசியாக ஒன்று செய்தோம். வாழை விற்ற பணம் வரும் கணக்கை யுபிஐ-யில் சேர்க்கவே இல்லை. தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. அதில் எப்போதும் இரண்டாயிரம், மூவாயிரம்தான் இருக்கும். உரக்கடைக்கும் டீக்கடைக்கும் மின் கட்டணத்துக்கும் அது போதும். யாராவது ஏமாற்றினாலும் போவது அவ்வளவுதான். சட்டைப் பையில் எவ்வளவு வைத்துக்கொண்டு சந்தைக்குப் போவோமோ, அவ்வளவுதான் போனுக்குள்ளும் இருக்கணும் என்று சித்தப்பாவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

போன மாசம் அவரிடமிருந்து ஒரு வீடியோ கால். கொஞ்சம் பதற்றம், கொஞ்சம் பெருமை. “பாப்பா, திரும்ப ஒண்ணு வந்திருக்கு. இந்தத் தடவை கல்யாணப் பத்திரிகைன்னு போட்டிருக்கு. கடைசியில ஏபிகேன்னு முடியுது. நான் தொடல. இத யாருகிட்ட சொல்லணும்?”

சஞ்சார் சாத்தியில் ‘சக்ஷு’ என்று ஒரு பகுதி உண்டு. மோசடி என்று சந்தேகப்படும் அழைப்பு, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் செய்திகளை அங்கே தெரிவிக்கலாம். பணம் போயிருக்க வேண்டும் என்று இல்லை, வந்தாலே தெரிவிக்கலாம். வழி சொன்னேன், அவரே பதிவு செய்தார். அனுப்பியவருக்கும் வேறு போனிலிருந்து கூப்பிட்டு, “உன் போனப் பாருப்பா” என்று சொல்லியிருக்கிறார்.

நீங்களும் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க போனில் தேதியைப் பார்த்துவிட்டு, அம்மா, அப்பா, பக்கத்து வீட்டுத் தாத்தா போனையும் வாங்கிப் பாருங்க. வெளிச் செயலிக் கதவை மூடுங்க. அக்சஸிபிலிட்டி பட்டியலைப் பாருங்க. 1930 என்ற எண்ணைச் சுவரில் காலண்டர் மேலேயே எழுதி வையுங்க. போன் கையில் இல்லாத நேரத்தில்தான் அந்த எண் தேவைப்படும்.